என்னிஸ் ஊரில் ஒரு நாளும், ஒரு சாயங்காலமும்

“சாயங்காலம் பாட்டுக் கேட்கப் போறோம். சீக்கிரம் தயாரா இரும்மா” என்றாள் என் மகள், காலைக் காப்பியைக் கையில் கொடுத்துக்கொண்டே.

“எந்த சபாவில்?” என்று கேட்டேன், சந்தோஷமாக.

“இங்கே சபாவெல்லாம் ஏதும்மா? பப்பில்தான்.”

எனக்குக் காப்பி புரையேறிவிட்டது.

பப் என்றால் என்னவென்று தெரியாதவளா நான்? மதுக்கடை. எவ்வளவு நாசூக்காகப் பெயர் வைத்தாலும் குடிக்கிற இடம் குடிக்கிற இடம்தானே! “நான் வரலை. நீயும் மாப்பிள்ளையும் போயிட்டு வாங்க. குழந்தையை நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். “குழந்தைதாம்மா அங்கே வாசிக்கப் போறா!”

அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையோரம் க்ளேர் என்று ஒரு மாவட்டம். அதன் தலைநகரம் என்னிஸ். ஷானன் விமான நிலையத்திலிருந்து 25 கிலோ மீட்டர்தான். மாப்பிள்ளையின் உத்தியோகத்தை முன்னிட்டு மகள் குடும்பம் அங்கே குடியேறி மூன்று வருஷமாகிறது. ஜூன் மாதம் குளிர் அவ்வளவாக இருக்காது என்று சொல்லி என்னை வரவழைத்திருந்தாள். (குளிர் இருந்தது. அது வேறு விஷயம்.) என் பேத்திக்கு வயது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் டின் விசில் என்று ஒரு தகரக் குழல் கற்றுக் கொடுக்கிறார்கள். நம் புல்லாங்குழலுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆறு துளை, ஆனால் பக்கவாட்டில் பிடிக்காமல் நாதஸ்வரம் மாதிரி நேராக வைத்து ஊத வேண்டும். விலையும் சொற்பம். அந்த ஊரில் ஸ்லேட்டுப் பலகை மாதிரி அது எல்லாக் குழந்தைகள் பையிலும் கிடக்கிறது.

நான் வரமாட்டேன் என்றதற்குக் காரணம் வெறும் ஆசாரம் மட்டும் இல்லை. என் பெரிய அண்ணன் அருமையாக ஹார்மோனியம் வாசிப்பார். சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து சிநேகிதர்கள் கூடுவார்கள். முதலில் பாட்டும் காப்பியுமாகத்தான் இருந்தது. பிறகு கச்சேரி திண்ணையிலிருந்து தோட்டத்துக் கொட்டகைக்கு மாறியது. காப்பி வேறொன்றாக மாறியது. கடைசியில் பாட்டு நின்றுபோய், மற்றது மட்டும் நின்றது. நாற்பத்தொரு வயதில் கல்லீரல் கெட்டு அண்ணன் போய்ச் சேர்ந்தார். அண்ணி கையில் இரண்டு குழந்தைகள். அந்த ஹார்மோனியத்தை விற்றுத்தான் காரியத்துக்குச் செலவு செய்தோம். பாட்டையும் குடியையும் ஒரே மேஜையில் பார்க்கிற தெம்பு எனக்கு அதற்குப் பிறகு கிடையாது.

இதெல்லாம் என் மகளுக்கும் தெரியும். ஆனாலும், “நீ வந்து பாரும்மா. பிடிக்கலேன்னா பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துடலாம்” என்றாள். பேத்தி ஒன்றும் பேசவில்லை. குழலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எந்தப் பாட்டியால் முடியாது என்று சொல்ல முடியும்?

சாயங்காலக் கதை அப்புறம். காலையிலிருந்து ஊர் சுற்றினோமே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளியே கிளம்பும்போதே தூற்றல். மழை என்று சொல்ல முடியாது; பன்னீர் தெளிக்கிற மாதிரி. எதிர்வீட்டு அம்மாள், “இன்று மிருதுவான நாள்” என்றாள்! அங்கே தூறல் நாளை அப்படித்தான் சொல்கிறார்களாம். நம் ஊர் வெயிலில் வெந்தவளுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப் போயிற்று. குடை கொண்டுபோவது வீண், காற்று அதைத் திருப்பிவிடும். தொப்பியோடு சேர்ந்த மழைக்கோட்டுதான் சரி. புடவைமேல் அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்த கோலத்தைப் படம் பிடித்து மாப்பிள்ளை குடும்பம் முழுவதற்கும் அனுப்பிவிட்டார்.

என்னிஸ் என்பது ‘இனிஷ்’ என்ற ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. தீவு என்று பொருள். ஃபெர்கஸ் என்ற ஆறு ஊரைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. கரையில் அன்னங்கள். 27,000 பேருக்குமேல் வசிக்கிற ஊர் என்றாலும் நடுவே இருக்கிற கடைத்தெருக்கள் நம் கும்பகோணத்துச் சந்துகளைப் போலக் குறுகல். கடைகளின் முகப்பெல்லாம் சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை என்று பளிச்சென்று வர்ணம் பூசி, வாசலில் பூத்தொட்டி தொங்கவிட்டிருக்கிறார்கள். வெயில் குறைந்த ஊரில் கண்ணுக்கு அதுதான் வெயில் போலிருக்கிறது. தெருப் பெயர்ப் பலகை எல்லாம் இரண்டு மொழியில் இருக்கின்றன. ஐரிஷ் மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் இன்று குறைவு. பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளும் படிக்கிறார்கள். என் பேத்தி எனக்கு அதில் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லிக் கொடுத்தாள். நாலுக்குள் மூன்று மறந்துவிட்டது.

முதலில் பார்த்தது ஃப்ரான்சிஸ்கன் துறவிகளின் பழைய மடம். 13-ம் நூற்றாண்டில் ஓப்ரையன் வம்சத்து அரசர்கள் கட்டியது. சுண்ணாம்புக் கல் சுவர்கள். கிழக்குச் சுவரில் ஐந்து நெடிய ஜன்னல்கள், விரல்களை நிமிர்த்தி வைத்தாற்போல. எங்கே பார்த்தாலும் கல்லில் சிற்பம். ஏசுநாதர் பிடிபட்டதிலிருந்து சிலுவை வரைக்கும் வரிசையாக ஒரு சமாதியில் செதுக்கியிருக்கிறார்கள். 15-ம் நூற்றாண்டு வேலை. ஒரு தூணில், கைகள் கட்டப்பட்டு நிற்கிற ஏசு. இன்னோரிடத்தில் உள்ளங்கையில் காயத்தோடு புனித ஃப்ரான்சிஸ். நம் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அளவு சின்னதுதான். ஆனால் அந்தக் கட்டுண்ட கைகளின் விரல்களைப் பார்த்து நான் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். தெரிந்த யாருடைய கைகளோ போல இருந்தது.

அங்கிருந்து ஓகானல் தெருவுக்கு வந்தால், நடுச்சந்தியில் உயரமான ஒரு தூண். உச்சியில் டேனியல் ஓகானல். அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்கள் பார்லிமெண்டில் உட்கார முடியாது. 1828-ல் இந்த க்ளேர் தொகுதியில் நின்று ஜெயித்தார் ஓகானல். ஜெயித்தவரை உள்ளே விடமாட்டேன் என்றால் ஊர் பொங்கிவிடுமே என்று பயந்து, அடுத்த வருஷமே அரசாங்கம் சட்டத்தை மாற்றிவிட்டது. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, ஓட்டுத்தான்.

இன்னொரு சேதி எனக்கு அதைவிட ருசித்தது. 1880 செப்டம்பரில் பார்னெல் என்ற தலைவர் இதே ஊரில் ஒரு கூட்டத்தில் பேசினாராம். குத்தகைக் குடியானவனை வெளியேற்றிய நிலத்தை வேறு யாராவது வாங்கினால் அவனை அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். கடையில், தெருவில், கோயிலில் எங்கேயும் அவனோடு பேசாதீர்கள் என்றாராம். சில வாரங்களில் மேயோ மாவட்டத்தில் பாய்காட் என்கிற எஸ்டேட் ஏஜெண்டிடம் ஜனங்கள் அதைச் செய்து காட்டினார்கள். அவர் பேரே ஆங்கிலத்தில் சொல்லாகிவிட்டது! நாம் பகிஷ்காரம் என்று சொல்லி அன்னியத் துணியை எரித்தோமே, அதற்கு ஒரு வேர் இந்த ஈரமான சின்ன ஊரில் இருக்கிறது.

கோர்ட்டுக் கட்டிடத்தின் பக்கம் டி வலேராவின் சிலை. 1917 முதல் 1959 வரை க்ளேர் மாவட்டத்தின் பிரதிநிதியாக இருந்தவர். “அத்தை, நம்ம அரசியல் சட்டத்தில் வழிகாட்டிக் கோட்பாடுகள்னு ஒரு பகுதி இருக்கே, அது இவங்க 1937 அரசியல் சட்டத்தைப் பார்த்து எடுத்ததுதான்” என்றார் மாப்பிள்ளை. அவர் ஒன்று சொன்னால் நான் சும்மா இருக்கலாமா? அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னேன். அயர்லாந்தில் ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்த மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் 1915-ல் நம் மதராஸுக்கு வந்தார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினவர்களில் முக்கியமானவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர். டப்ளினில் முறைப்படி சங்கீதம் படித்தவர். தாகூர் 1919-ல் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோது ‘ஜன கண மன’வுக்கு ஸ்வரக் குறிப்பு எழுத உதவியவரும் அவர்தான். “அப்படியா!” என்று மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். அன்று முழுவதும் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

முகம்மது அலியை உங்களுக்குத் தெரியும், குத்துச்சண்டை வீரர். அவருடைய அம்மா வழிக் கொள்ளுத் தாத்தா ஏப் கிரேடி இந்த என்னிஸிலிருந்து 1860-களில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவராம். 2009 செப்டம்பர் 1-ம் தேதி அலி இங்கே வந்தபோது ஊரே தெருவில் திரண்டதாம். கப்பலேறிய கதை இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் ஆகாரம். சில வருஷங்களில் பசியாலும் ஜுரத்தாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேல் ஒரு தொகை நாட்டைவிட்டே போயிற்று. க்ளேர் ரொம்ப அடிபட்ட மாவட்டம். அந்தச் சமயத்திலும் தானியமும் மாடும் இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டுதான் இருந்தன என்று மாப்பிள்ளை சொன்னபோது, நம் வங்காளப் பஞ்சம் ஞாபகம் வந்தது.

இவ்வளவு கேட்டபிறகு உருளைக்கிழங்கைச் சும்மா தின்ன முடியுமா? ஆனாலும் பசித்தது. ஒரு சின்ன சிற்றுண்டிக் கடையில் காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் வாங்கிக்கொண்டோம். நம்மைப் போன்ற சைவர்கள் ஒன்று கவனிக்கணும்: காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச் சாற்றில் கொதிக்க வைத்திருப்பார்கள். கேட்டுவிட்டு வாங்க வேண்டும். கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ரொட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஈஸ்ட் இல்லை, பிசைந்து ஊறவைக்கிற பாடு இல்லை. முழுக் கோதுமை மாவும் மைதாவும் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, ஒரு தட்டையான டீஸ்பூன் சமையல் சோடாவும் உப்பும் சலித்துக் கலக்க வேண்டியது. 400 மில்லி புளித்த மோர் விட்டு, கையால் ஒரு சுற்று சேர்த்தால் போதும்; அழுத்திப் பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும். உருண்டையாகத் தட்டி, மேலே கத்தியால் சிலுவைக் குறி ஆழமாகக் கீறி, 200 டிகிரி சூட்டில் 40, 45 நிமிஷம். அடியில் தட்டினால் காலிக் குடம் மாதிரி சத்தம் வரணும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைத்துத்தான் ரொட்டி எழும்புகிறது. நம் வீட்டில் மிஞ்சின மோருக்கு இதைவிட நல்ல கதி ஏது?

பக்கத்துக் கடையில் காய்ந்த கடற்பாசிப் பொட்டலம் ஒன்று தொங்கியது. கேராகின் என்று பேர். ஊறவைத்துப் பாலில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கெட்டியாக உறைகிறது. சர்க்கரை போட்டால் புட்டிங். மார்ச்சளிக்கும் இருமலுக்கும் இந்த ஊர்ப் பாட்டிமார் காலங்காலமாகக் கொடுத்துவந்த கை வைத்தியமும் அதுதானாம். எங்கே போனாலும் பாட்டிமார் ஒரே ஜாதிதான்.

வீட்டுக்கு வந்து கால் நீட்டினேன். ஆறரை மணிக்குப் பேத்தி வந்து, “போலாமா பாட்டி?” என்றாள்.

வெளியே நல்ல வெளிச்சம். ஜூனில் அங்கே இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது.

அபே தெருவை ஒட்டிய ஒரு பழைய பப். உள்ளே நுழையும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். சிகரெட் நாற்றமே இல்லை! 2004 மார்ச்சிலேயே பப் உள்பட வேலை செய்கிற எல்லா இடத்திலும் புகைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். தேசம் முழுவதற்கும் அப்படித் தடை போட்டதில் அயர்லாந்துதான் முதல். மர வாசனை, சூப் வாசனை, அதோடு அந்தப் புளித்த வாசனையும் இருக்கத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். வயிற்றைப் பிசைந்தது.

வாசலை ஒட்டி மரப்பலகை அடைத்த சின்ன அறை ஒன்று. அஞ்சறைப் பெட்டியில் ஓர் அறை மாதிரி. ‘ஸ்னக்’ என்கிறார்கள். முந்தின தலைமுறையில் பெண்கள் பப்பின் நடுக்கூடத்தில் உட்காரக்கூடாது. வந்தால் யார் கண்ணிலும் படாமல் இதற்குள்தான் உட்காரணும். பெரிய தம்ளரில் பெண்களுக்கு ஊற்றமாட்டோம் என்று மறுத்த கடைகள் 1970-களில்கூட இருந்தனவாம். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பெண் கல்யாணம் ஆனால் வேலையைவிட்டுப் போக வேண்டும் என்ற விதியே 1973 வரை இருந்தது என்று மகள் சொன்னாள். குடிப்பதில் சம உரிமை எனக்கு வேண்டாம். அந்த உத்தியோக விஷயம்தான் மனசில் தைத்தது.

ஒரு மூலையில் வட்ட மேஜை. அதைச் சுற்றி ஏழு பேர். மேடை இல்லை, மைக் இல்லை, ஸ்வரக் காகிதம் இல்லை. சபையைப் பார்த்துக்கூட உட்காரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் வீட்டில் அப்பளம் இடுகிறபோது வட்டமாக உட்காருவோமே, அப்படி. ‘செஷன்’ என்று பேர். இரண்டு வயலின், மரப் புல்லாங்குழல் ஒன்று, பட்டன் வைத்த அக்கார்டியன் ஒன்று, பௌரான் என்கிற ஆட்டுத்தோல் பறை (நம் கஞ்சிராவின் பெரியப்பா), முழங்கையால் துருத்தியை அமுக்கி ஊதுகிற இல்லன் பைப்ஸ். ஏழாவதாக ஒரு பெண், காலேஜ் படிக்கிற வயசு, இரண்டு கைக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டியை இழுத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கன்ஸர்டினா. ஒரே பட்டனை அமுக்கும்போது ஒரு ஸ்வரம், இழுக்கும்போது வேறொரு ஸ்வரம்! கையில் மூச்சு வைத்த மாதிரி இருந்தது.

ஒருவர் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக் கேட்பார்கள். எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கமகத்தோடு. மெட்டுக்கு இரண்டு பாகம், நம் அனுபல்லவி சரணம் போல. இரண்டு மூன்று முறை சுற்றி வந்ததும் திடீரென்று, நிற்காமல், அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். ‘ஜிக்’ என்பது சுத்தமான தகிட தகிட. ‘ரீல்’ என்றால் தகதிமி, வேகமாக. என் விரல் தானாகத் தொடையில் தாளம் போடுவதை மகள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாமர்த்தியக்காரி.

நான் பாட்டு மட்டுமா கேட்டேன்? தம்ளர்களையும் எண்ணினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டு மணி நேரம் எண்ணினேன். கன்ஸர்டினாப் பெண்ணிடம் எலுமிச்சை சோடா. வயலின் வாசித்த அம்மாளிடம் பால் விட்ட டீ. பைப்ஸ்காரரிடம் தண்ணீர். அக்கார்டியன் கிழவரிடம் வெள்ளை நுரை ததும்பிய ஒரு கறுப்புத் திரவம். நான் முதலில் டிகிரி காப்பி என்றே நினைத்தேன்! கின்னஸ். நுரை அடங்கி உப்பு மாதிரி காய்கிற வரைக்கும் அவர் அதைத் தொடவில்லை. பறை அடித்தவர் மட்டும் மூன்றாவதில் இருந்தார்.

மேஜைக்கு வெளியே, கல்லாப் பலகை ஓரம், தனியாக ஒருவர். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கிளம்புகிறவரை ஐந்து. நடு நடுவே ஒரு விரல் மட்டும் பலகையில் தாளம் தப்பாமல் தட்டியது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

தம்ளரைத் தூக்கும்போது ‘ஸ்லான்ச்சா’ என்கிறார்கள். ஆரோக்கியம் என்று அர்த்தமாம்! விஸ்கி என்ற வார்த்தையே ‘உயிர் நீர்’ என்ற ஐரிஷ் சொல்லின் மருவலாம். எங்கள் வீட்டில் அது உயிரை வாங்கின நீர். அந்த அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2022 ஜனவரி முதல் மதுவை ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பெஞ்சில் ஒரு கிழவியம்மாள் வந்து உட்கார்ந்தாள். எண்பதைத் தாண்டியிருக்கும். கையில் டீக் கோப்பை; சட்டைக் கழுத்தில் சின்ன ஊசிப் பதக்கம், சிவப்பு இதயப் படம் போட்டது. என் கண் அதன்மேல் போனதைக் கவனித்து அவளே சொன்னாள். (அவள் உச்சரிப்பு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை மகள் சொல்லித்தான்.) ‘பயனியர்’ சங்கத்துப் பதக்கமாம் அது, மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள் குத்திக்கொள்வது. 1898-ல் டப்ளினில் ஒரு பாதிரியார் ஆரம்பித்த சங்கம். “பன்னிரண்டு வயசில் குத்திக்கொண்டேன். எங்கள் அப்பாவுக்காக” என்றாள்.

“எனக்கு அண்ணன்” என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

“அப்புறம் ஏன் இங்கே வந்து உட்காருகிறீர்கள்?” என்று கேட்கச் சொன்னேன்.

“பாட்டு இங்கேதானே இருக்கிறது!” என்றாள் அவள். “என் அம்மா காலத்தில் இதெல்லாம் எங்கள் அடுக்களையில் இருந்தது.”

அந்தக் கதை இதுதான். கிராமத்தில் ஒரு வீட்டில் மேஜை நாற்காலியை ஒதுக்கிவிட்டு அடுக்களையில் ஆட்டம் நடக்கும். வயலினும் பைப்ஸும் ஆண்கள் வாத்தியம். கன்ஸர்டினா இந்த க்ளேர் பிரதேசத்தில் பெண்கள் வாத்தியம். ஈரம் படாமல் அடுப்பங்கரை மாடத்தில் அது இருக்குமாம். 1935-ல் பொது நடனத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தது. வீட்டு ஆட்டத்தையும் அதில் சேர்த்துப் பாதிரியார்களும் போலீஸும் விரட்ட ஆரம்பித்தார்கள். அடுக்களைகள் அடங்கின. ஊரைவிட்டு லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்கள் அங்கே பப்பில் கூடி வாசித்துப் பழகினார்கள். 1950, 60-களில் அந்தப் பழக்கம் இங்கேயும் வேரூன்றிவிட்டது. கில்ரஷ் என்கிற பக்கத்து ஊரில் எலிஸபெத் க்ராட்டி என்று ஓர் அம்மாள், 1885-ல் பிறந்தவர். கணவரோடு பப் நடத்திக்கொண்டே கன்ஸர்டினா வாசித்தவர். 1950-களில் ரேடியோக்காரர்கள் வந்து பதிவு செய்து ஒலிபரப்பிய பிறகு தேசமே அவரைத் தெரிந்துகொண்டது. 1960-ல் காலமானார். இன்றும் இங்கே ‘மிஸஸ் க்ராட்டி’ என்று மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

“பார்த்தியாடி! அடுக்களைச் சங்கீதம் இது. இங்கே வந்தது அப்புறம்தான்” என்று மகளை இடித்தேன். “சரிம்மா, சரி” என்றாள்.

எட்டரை மணிக்கு வாத்தியங்கள் ஓய்ந்தன. அக்கார்டியன் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷ் மொழியில் தனியாக ஒரு பாட்டுப் பாடினார். சுருதி கிடையாது, தாளம் கிடையாது. நம் விருத்தம் மாதிரி. அத்தனை இரைச்சல் கடையும் ஊசி விழுந்தால் கேட்கும்படி ஆயிற்று. கல்லாவில் தம்ளர் கழுவுகிறவன்கூடக் குழாயை மூடிவிட்டான். பாடி முடித்தவருக்கு அங்கே ஓர் உரிமை உண்டு: அடுத்தவர் யார் பாட வேண்டும் என்று அவர் அழைக்கலாம். அவர் எங்கள் பெஞ்சைப் பார்த்தார். பதக்கம் அணிந்த கிழவியம்மாள் என்னைக் காட்டினாள்.

எல்லாத் தலையும் திரும்பின. எனக்குக் கை ஜில்லிட்டுப் போயிற்று. “தொண்டை சரியில்லை” என்றேன்.

பொய். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

ஒருவரும் வற்புறுத்தவில்லை. “அப்படியானால் பேத்தி?” என்றார் கிழவர். பேத்தி எழுந்து போய் வட்டத்துக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. ஒரு ஜிக் தொடங்கினாள். முதல் சுற்றில் பயந்து வேகமாக ஓடினாள். நடுவே ஒரு ஸ்வரம் கீச்சென்றது. இரண்டாவது சுற்றில் கன்ஸர்டினாப் பெண் மெல்ல, அவளை மூடாமல், கூடச் சேர்ந்தாள். பிறகு வயலின். பறைக்காரர் விரல் நுனியால் மட்டும். குழந்தையின் வேகம் தானாக நிதானமாயிற்று. யாரும் அவளைத் திருத்தவில்லை. கூடவே வந்தார்கள், அவ்வளவுதான். முடிந்ததும் கூச்சல் போட்டுப் பாராட்டவில்லை. “நல்லா இருக்கு” என்று தலையசைத்துவிட்டு அடுத்த மெட்டுக்குப் போனார்கள், அவளையும் வைத்துக்கொண்டே. பாதி தெரியாத பாட்டுக்கெல்லாம் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் பேத்தி, பெரிய மனுஷி மாதிரி.

குழந்தைகள் அங்கே கோடை மாதங்களில் இரவு பத்து மணி வரைக்கும், மற்ற மாதங்களில் ஒன்பது வரைக்கும்தான் இருக்கலாம். பெற்றோரும் கூட இருக்க வேண்டும். நாங்கள் ஒன்பதரைக்கே எழுந்துவிட்டோம். கிழவியம்மாளிடம் கை கூப்பினேன். அவளும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அதேமாதிரி கூப்பினாள். தனியாக இருந்த மனிதர் இன்னும் அங்கேயே இருந்தார்.

ஆற்றங்கரையோடு நடந்தோம். அன்னங்கள் கழுத்தை மடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. மகளும் மாப்பிள்ளையும் முன்னே போய்விட்டார்கள்.

“பாட்டி, உனக்குத் தொண்டை நல்லாத்தானே இருக்கு? மத்தியானம்கூட அன்னத்தைப் பார்த்துக் கத்தினியே?”

“ஆமாம்.”

“பின்னே ஏன் பாடலை?”

பயம் என்று சொன்னேன். அது பாதி நிஜம். அவள் யோசித்துவிட்டு, “எனக்கும்தான் பயமா இருந்தது” என்றாள்.

எங்கள் அம்மா பாடுகிற தாலாட்டு ஒன்று. அண்ணன் அதை ஹார்மோனியத்தில் பிடித்து வைத்திருந்தார்; எங்கள் வீட்டில் கச்சேரி ஆரம்பிப்பதே அதில்தான். அவர் போனபிறகு என் மகளுக்குக்கூட நான் அதைப் பாடவில்லை. வேறு ஏதாவது பாடித் தூங்க வைத்தேன். அந்தப் பாலத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, குழந்தைக்கு மட்டும் கேட்கும்படியாக, இரண்டு முறை பாடினேன். மூன்றாவது முறை எனக்கு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் மோரும் மாவும் கலந்து பழுப்பு ரொட்டிக்குக் கை வைத்திருந்தேன். அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து அவள் குழலை எடுத்தாள். தடவித் தடவி, நின்று நின்று, தாலாட்டு வந்தது. இரண்டாவது அடியில் ஒரு ஸ்வரம் கீழே இறங்க வேண்டிய இடத்தில் அப்படியே நிற்கிறது.

“அங்கே இறங்கணும்டா கண்ணு” என்று, மாவுக் கையோடு பாடிக் காட்டினேன்.